அம்மனுக்கு விட்ட கன்றை ஏலத்தில் எடுத்தது

ஏலத்துக்குப் போகிறவர்கள் கையில் பணம் கொண்டுபோனால் போதும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பணத்துக்கு முன்னால் குரல் வேண்டும். அது என்னிடம் இல்லை. பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால் 'இறங்கணும்' என்று சொல்லக்கூட எனக்குக் கூச்சம். வேறு யாராவது இறங்கினால் அவர்களோடு இறங்கிக்கொள்வேன். யாரும் இறங்காவிட்டால் அடுத்த ஊர் வரை போய்விட்டு நடந்து வருவேன். அப்படிப்பட்ட நான் ஊரே கூடியிருந்த கோயில் ஏலத்தில் ஒரு கன்றுக்குட்டியைக் கேட்டு எடுத்தேன். இதை எழுதும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். நாமக்கல்லில் முட்டை ஏற்றினால் எங்கெங்கேயோ போய் இறக்கிவிட்டு வருவார். வண்டியை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகுதான் வயிற்றுவலி வந்து, சேலத்தில் பெரிய ஆபரேஷன் செய்தார்கள். அவரை உள்ளே கொண்டுபோனதும் வராந்தாச் சுவரோரம் நின்று எங்கள் ஊர் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். எங்கள் மாடு அப்போது சினையாக இருந்தது. 'ஆத்தா, இவரை நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பிவிடு. மாடு கிடாரிக் கன்று போட்டால் அதை உனக்கே விட்டுவிடுகிறேன்' என்றேன்.

அவர் வீட்டுக்கு வந்தார். மாடும் கிடாரியே, பெண் கன்றே போட்டது. செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளை. நான்கு மாதத்தில் கட்டுத்தறியே அதன் ஆட்டம் தாங்காமல் கிடந்தது. மாரியம்மன் பண்டிகை வந்ததும் கழுத்தில் மாலை போட்டு, மஞ்சள் தெளித்து, இரண்டு பேருமாகக் கோயிலுக்குப் பிடித்துக்கொண்டு போய் விட்டோம்.

அன்று மாலையிலிருந்தே மாடு கத்தத் தொடங்கியது. பால் கறக்கப் போனால் மடி கல் மாதிரி இருக்கிறது, காம்பில் சொட்டுப் பால் இறங்கவில்லை. கன்று வந்து முட்டினால்தான் அதற்குப் பால் சுரக்கும். தீவனம் வைத்தேன், வெந்நீரில் துணி நனைத்து மடியைத் துடைத்தேன், காதுக்குப் பக்கத்தில் பேசிப் பார்த்தேன். தலையைத் திருப்பி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது. மடி கட்டிக்கொண்டால் மாடே போய்விடும் என்று பால் சொசைட்டியில் சொன்னார்கள். கன்று திரும்பி வந்தால்தான் மாடு தப்பும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் கோயிலில், வேண்டுதலுக்கு விட்ட ஆடு, மாடு, சேவல், சேலை எல்லாவற்றையும் பண்டிகையின் கடைசி நாளில் மஞ்சள் நீராட்டு முடிந்த மறுநாள் ஏலம் விட்டுவிடுவார்கள். அந்தப் பணம் கோயில் காரியத்துக்கு. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் விட்டவர்களே எழுந்து நின்று கேட்டு நான் பார்த்ததில்லை. கொடுத்த கையே திரும்ப நீளுகிறதே என்று பேசுவார்கள். அதைவிடப் பெரிய பயம், இது என் வீட்டுக்காரர் உயிருக்காகச் செய்த வேண்டுதல். அந்தக் கன்றைத் திரும்ப வாங்கலாமா என்று அவரிடம் எந்த வாயால் கேட்பது? அதனால் அவருக்குத் தெரியாமல் பக்கத்துத் தோட்டத்துக்காரியைப் பிடித்தேன். அவள் பண்ணை முட்டை வாங்கிக் கடை கடையாகப் போடுகிறவள். பேரம் பேசிப் பேசித் தேறிய குரல். என்னைவிட வயதில் சின்னவள்.

"அம்மிணி, எனக்காவ நீ கேக்கோணும். ஏழாயிரம் வரைக்கும் போ. அதுக்கு மேல எங்கிட்ட இல்ல."

"அட, நாங் கேக்கறனுங்க அக்கா. நீங்க எம் பொறகால உக்காந்துக்கங்க. ஏத்தோணும்னா முதுவுல ஒரு குத்து. விட்டர்லாம்னா சும்மா இருந்துக்கங்க. அவ்வளவுதான்!"

ஏலநாள் காலையில் இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "முடி வெட்டப் போறேன், வர நேரமாகும்" என்று கிளம்பினார். அவர் தலையில் வெட்ட என்ன இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நானும் புறப்பட்டேன்.

முதன்முதலாக ஏலத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏலம் தொடங்குமுன்பே போய் எடுக்கப்போகும் பொருளைப் பார்த்துவிட வேண்டும், ஆனால் அதற்குப் பக்கத்தில் நெடுநேரம் நிற்கக் கூடாது. நான் நின்றேன். கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து கையை நக்கியது. பக்கத்தில் ஒரு மாட்டு வியாபாரி, சந்தைக்குச் சந்தை போகிறவர், தோளில் துண்டோடு நின்றிருந்தார்.

"ஏம்மா, உங்க கன்னுங்களா? நெம்பப் பிரியமா இருக்குதே."

நான் இல்லை என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தேன். அவர் குனிந்து கன்றின் காலைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், காம்பைப் பார்த்தார். என்னால்தான் அவர் அதைப் பார்த்தார் என்று இப்போதும் நினைக்கிறேன். வேண்டிய பொருளுக்குப் பக்கத்தில் நிற்கும் பொருளைப் பார்ப்பதுதான் புத்தி. அங்கே ஒரு மேச்சேரி ஆடு நின்றது. அதைப் பார்த்திருக்கலாம்.

வேப்ப மரத்தடியில் ஏலம் தொடங்கியது. ஒருபக்கம் பெண்கள், ஒருபக்கம் ஆண்கள், நடுவில் மேசை போட்டுக் கோயில் கமிட்டிக்காரர் மைக்கைப் பிடித்து நின்றார். அவர் வாய்ப்பேச்சைக் கேட்கவே பாதிக் கூட்டம் வரும்.

"அம்மன் கட்டின பட்டுங்க, இளம்பிள்ளை ஊருத் தறியில நெஞ்சது! எண்ணூறுன்னு கேட்டா அம்மனே சிரிப்பாளுங்க! அங்க யாருங்க அது, கையத் தூக்கறீங்களா, சோம்பல் முறிக்கறீங்களா? சோம்பலா இருந்தாலும் நூறு ஏறிப்போச்சுங்கோவ்!"

சோம்பல் முறித்தவர் பதறி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நானும் வைத்துக்கொண்டேன். காது அரித்தாலும் சொறியவில்லை.

முதல் நான்கைந்து பொருள் போகும்வரை வாயைத் திறக்காமல் பார்த்தாலே பாதி ஏலம் பிடிபட்டுவிடும். நூறு நூறாக ஏறுகிறது. ஒரு தரம், இரண்டு தரம் என்பதற்குள் யாராவது கேட்டால் மறுபடி முதலிலிருந்து. மூன்று தரம் என்று சொல்லிவிட்டால் அம்மனே வந்தாலும் மாற்ற முடியாது. கேட்டவர் அங்கேயே பணத்தை வைக்க வேண்டும். முதலில் கேட்கிறவர் பெரும்பாலும் எடுப்பதில்லை. எடுக்கிறவர் கடைசிவரை கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதெல்லாம் எனக்கு விளங்கிக்கொண்டே வந்தது. பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு இவ்வளவு சீக்கிரம் எதுவும் விளங்கியதில்லை. உள்ளுக்குள் ஒரே குதியாட்டமாக இருந்தது.

பக்கத்துத் தோட்டத்துக்காரிக்கு அதைவிட. தொண்டையைப் பழக்கிக்கொள்கிறேன் என்று ஒரு பூசணிக்காயைக் கேட்டு, கடைவிலையைப் போல மூன்று மடங்குக்கு எடுத்துவிட்டாள்.

"என்னத்துக்கு அம்மிணி இது?"

"தெரியிலீங்க அக்கா. அந்தாளு ரெண்டு தரம்னதும் வாய் தானா தெறந்துக்குச்சு."

இதற்குத்தான் எவ்வளவு வரை போவது என்பதை வீட்டிலேயே முடிவுசெய்துவிட்டு வர வேண்டும். அங்கே போனபின் முடிவுசெய்தால் பூசணிக்காய்தான்.

கன்றைப் பிடித்து வந்து மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். மாலை வாடிப்போய்க் கழுத்திலேயே கிடந்தது.

"கிடாரிங்க! சுழி சுத்தம், மடிக்காம்பு சுத்தம்! மூவாயிரம்னு ஆரம்பிக்கறனுங்க!"

மாட்டு வியாபாரி முதலில் கேட்டார். சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவருக்கு இப்படி வாய்விட்டுக் கேட்பது பிடிக்கவில்லை போல, முணுமுணுத்தார். நான் ஒரு குத்துக் குத்தினேன். இவள் ஏற்றினாள். அவர் ஏற்றினார். நாலாயிரத்தில் ஆண்கள் பக்கமிருந்து மூன்றாவதாக ஒரு குரல் வந்தது.

எட்டிப் பார்த்தேன். பகீரென்றது. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டிய நாளில் அவரோடு கிளீனராகப் போனவர். இப்போது கூட்டுரோட்டில் டீக்கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் எத்தனையோ வேளை சாப்பிட்டவர். டீக்கடைக்குப் பால் வேண்டுமே, சொந்தமாக மாடு வளர்க்கப் பார்க்கிறார், அதற்கு என் கன்றுதானா கிடைத்தது என்று எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது.

குத்தினேன். ஏறியது. அவர் ஏற்றினார். மறுபடி குத்தினேன். ஐயாயிரத்தில் வியாபாரி வாயை மூடிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டார். பிறகு டீக்கடைக்காரரும் இவளும்தான். கூட்டம் கைதட்டத் தொடங்கியது.

"முட்டைக்கும் டீக்கும் சண்டைங்கோவ்!" என்று மைக் கத்தியது. "ஆறாயிரத்து அறுநூறு, அம்மா பக்கம்! டீ ஆறுதுங்க, கேளுங்க!"

ஏழாயிரம் வந்தது. அதையும் தாண்டி டீக்கடைக்காரர் நூறு ஏற்றினார். நான் குத்தினேன். இவள் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க சொன்ன தொகை தாண்டிப்போச்சு. இன்னும் குத்தறீங்க. என்ற முதுவுதான் புண்ணாவுது."

"கேளு அம்மிணி. பூசணிக்காய்க்கு மட்டும் கேக்கத் தெரியுதா?"

இருநூறு என்றாள். வீட்டில் முடிவுசெய்து வர வேண்டும் என்று சற்றுமுன் எழுதினேன், நானே அதைக் காற்றில் விட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று. மைக் நின்றது, மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியின் கொய்யென்ற சத்தமும் நின்றது. எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். அந்த அமைதியில், ஆண்கள் பக்கத்துக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் யாரோ தட்டுவது கேட்டது. டங் டங். இரண்டு தட்டு. உடனே டீக்கடைக்காரர், "ஏழாயிரத்து முந்நூறுங்க!" என்றார்.

அந்தத் தட்டை எனக்குத் தெரியும். லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் வண்டியின் பக்கப் பலகையில் தட்டுவார்: இரண்டு தட்டென்றால் வரலாம், ஒரு தட்டென்றால் நில். வண்டியை விட்ட பிறகும் என் வீட்டுக்காரர் அதே மாதிரிதான் கதவைத் தட்டுவார், சோற்றுக்குத் தட்டத்தைத் தட்டுவார். இந்த உலகத்தில் அந்த விரலை எனக்குத் தெரியாதா?

எழுந்துவிட்டேன். பெண்களைத் தாண்டி, காலை மிதித்து, கொட்டகையைப் பார்த்து நின்றேன்.

"ஏனுங்க!"

தகரத்துக்குப் பின்னாலிருந்து வெள்ளைச் சட்டை எட்டிப் பார்த்தது.

"நீ எதுக்குப் புள்ள இங்க வந்தே?"

"நீங்க எதுக்குங்க வந்தீங்க? முடி வெட்டியாச்சுங்களா?"

"அந்த முட்டைக்காரிக்கு நம்ம கன்னு என்னத்துக்குங்கற கடுப்புல நிக்கறேன், நீ வேற!"

"அவ எனக்குத்தானுங்க கேக்கறா!"

கூட்டம் ஒரு கணம் விழித்தது. பிறகு வேப்ப மரமே ஆடும்படி சிரித்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "அடக் கருமமே! புருசனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு ஆள வெச்சு ஏத்திக்கிட்டீங்களா? நாம் பாட்டுக்குத் தொண்டையக் கிழிச்சுக்கிட்டு இருக்கறேன்!"

மாட்டுக் கத்தலை ராத்திரியெல்லாம் கேட்டுக்கொண்டு அவரும்தான் படுத்திருந்திருக்கிறார். அம்மனுக்கு விட்டதை எப்படித் திரும்பக் கேட்பது என்று நான் கோபித்துக்கொள்வேனாம், அதனால் எனக்குத் தெரியாமல் ஏற்பாடு. ஆனால் அதையெல்லாம் பேச நேரம் இல்லை. சிரிப்பு அடங்குமுன்பே மாட்டு வியாபாரி முதன்முறையாகக் குரலை உயர்த்தினார்.

"ஏழாயிரத்து நானூறு."

"ஒரு தரம்!" மைக் இல்லாமலேயே கமிட்டிக்காரர் குரல் நன்றாகக் கேட்டது.

டீக்கடைக்காரர் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கூச்சத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், ஐயோ என்பது போலத் தகரத்தில் கையை ஓங்கி ஒரு அடி அடித்தார். ஒரே அடி. ஒரு தட்டென்றால் நில். டீக்கடைக்காரர் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அத்தனை வருடப் பழக்கம், மனிதர் என்ன செய்வார்! பக்கத்துத் தோட்டத்துக்காரியைப் பார்த்தேன். இனி என் வீட்டுக்காரர்தான் கேட்பார் என்று நினைத்து, அவள் பூசணிக்காயை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள். கன்று கழுத்தை நீட்டி என்னைப் பார்த்து ஒரு முறை கத்தியது.

"ரெண்டு தரம்!"

குத்துவதற்கு எனக்கு முன்னால் முதுகு இல்லை. கமிட்டிக்காரர் மூன்றுக்கு வாயைக் குவித்தார்.

"எட்டாயிரம்!"

நான்தான். என் குரல் இவ்வளவு பெரிது என்று எனக்கே தெரியாது. மரத்திலிருந்த காக்கை பறந்தது.

"ஆத்தா," என்றார் கமிட்டிக்காரர், "நூறு ஏத்துனாலே போதுமுங்களே. ஏழாயிரத்து ஐநூறுன்னு போட்டுக்கட்டுங்களா?"

"வேண்டாமுங்க. எட்டாயிரந்தான்." இன்னொரு முறை கேட்க வேண்டி வந்தால் அந்தக் குரல் மறுபடி வருமா என்று எனக்குப் பயம். அதனால் ஒரேயடியாகப் போனேன். புதிதாகப் போகிறவர்களுக்கு இது நல்ல முறை இல்லை. எனக்குத் தெரிந்தது அதுதான்.

ஆண்கள் பக்கத்தில் வெள்ளைச் சால்வை போட்ட ஒருவர் எழுந்தார். "ஏனுங்க, சாமிக்கு விட்டவங்களே கேக்கறது நல்லா இருக்குதுங்களா?"

கமிட்டிக்காரர் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"மாமா, போன வருசம் நீங்க விட்ட கெடா இப்ப யாரு கட்டுத்தறில நிக்குது? உங்க மச்சான் கேட்டாரு, உங்க ஊட்டுக்குத்தான போச்சு? இங்க பாதிப்பேரு அப்படித்தானுங்க. என்ன, மத்தவங்க ஊட்டுல ஒரு ஆளத்தான் வெப்பாங்க."

மறுபடி சிரிப்பு. சால்வைக்காரர் உட்கார்ந்துவிட்டார். ஊரே இப்படித்தான் செய்கிறது என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

கமிட்டிக்காரர் வியாபாரியைப் பார்த்தார். "என்னங்க, மேல போறீங்களா?"

வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டார். "நாங் கேட்டப்ப இல்லைன்னு தலையாட்டுனீங்களேம்மா," என்றார் என்னிடம். "உங்க கன்னுன்னு சொல்லியிருந்தா அப்பவே சந்தைக்குப் போயிருப்பேன். நாளு வீணாப்போச்சேன்னுதான் கடைசியா ஒருக்கா கேட்டுப் பாத்தேன். புடிச்சுட்டுப் போங்க."

"மூணு தரம்!"

பக்கத்துத் தோட்டத்துக்காரி என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். பூசணிக்காய் உருண்டு ஓடியது. என் வீட்டுக்காரர் மேசைக்கு வந்து இடுப்பிலிருந்து பணத்தை எடுத்தார், நான் சுருக்குப்பையை அவிழ்த்தேன். இரண்டையும் சேர்த்தால்தான் எட்டாயிரம் ஆனது. நாங்கள் ஒருவரை ஒருவர் ஏற்றிவிடாமல் இருந்தால் ஐயாயிரத்திலேயே முடிந்திருக்கும் என்று டீக்கடைக்காரர் வருத்தப்பட்டார். எனக்கு அந்த வருத்தம் இல்லை. அவர் உயிரோடு நின்று தகரத்தைத் தட்டினார். அம்மன் கூடக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டும்.

கன்றை அவர் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். வழியெல்லாம் இரண்டு பேரும் சண்டை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?"

"நீங்க சொல்லியிருக்கலாமுல்லங்க?"

"நீ வைவீன்னு நெனச்சேன்."

"நான் என்னைக்குங்க உங்கள வஞ்சேன்?"

"இப்ப வையறயே!"

எங்கள் வீதி திரும்பும் இடத்தில் மாடு கத்துவது கேட்டது. கன்று காதை நிமிர்த்தியது, அடுத்த நொடி ஓடியது. ஆபரேஷன் செய்த வயிற்றோடு அவரால் இழுபட முடியவில்லை. கயிற்றை வெடுக்கென்று நான் பிடுங்கிக்கொண்டேன். அது இழுத்த இழுப்புக்குச் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். வாசலில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள். தறிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்த வீடுகளிலிருந்துகூட ஆள் வந்து எட்டிப் பார்த்தார்கள். பார்த்துக்கொள்ளட்டும். பின்னால் அவர், "விட்டுரு புள்ள, அதுவே போயிரும்!" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். நான் விடவில்லை.

கட்டுத்தறியில் கன்று போய் முட்டிய முட்டில் மாடு ஓரடி நகர்ந்து நின்றது. பிறகு கன்றை முதுகு, வால் என்று விடாமல் நக்கியது, வாடின மாலையையும் நக்கித் தின்றது. நான் சொம்பைத் தேடி எடுத்து வருவதற்குள் கன்றின் கடைவாயில் நுரை தள்ளிவிட்டது. மறுகாம்பில் கை வைத்தேன். பால் சர்ரென்று இறங்கியது.